மழை பெய்தால் உனக்கு லீவு

எய்யா,

போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். நீ போனை எடுத்தால் முதல் பேச்சு "சாப்பிட்டியாம்மா", அடுத்த பேச்சு "சரிம்மா, வைக்கவா". நடுவில் ஒரு பெரிய விஷயத்தை நுழைக்க எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை. பகலில் கூப்பிட்டால் பட்டாசுக் கம்பெனி கேட்டிலேயே உங்கள் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் கூப்பிட்டால் நீ அசந்து கிடக்கிறாய். பத்தாம் வகுப்பில் கட்டுரைப் போட்டிக்கு எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவள் நான். அந்த டம்ளரை வைத்து நீயும் உன் அப்பாவும் என்னை எவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கிறீர்கள். இன்றைக்குத்தான் அந்தப் படிப்பு ஒரு வேலைக்கு உதவப்போகிறது. தையில் உனக்குக் கல்யாணம். அதற்கப்புறம் உன்னிடம் ஒன்று சொல்வதற்கு முன்னால் முத்துச்செல்வி என்ன நினைப்பாளோ என்று யோசிக்க வேண்டிவரும். அதற்குள் சொல்லிவிடுகிறேன். இதை அவளும் படிக்கட்டும். படித்தால் நல்லது என்றே நினைக்கிறேன்.

ஆவணியில் நீ வீட்டுக்கு வந்தாயே, அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உச்சந்தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தேன். காதுக்குப் பின்னால் மடிப்பில் வெள்ளியாக மினுங்கியது. துண்டால் துடைத்தேன், போகவில்லை. சீயக்காய் போட்டேன், அதற்கும் போகவில்லை. இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாக்கிங்கில் இருக்கிறவன் மேல் பசை வாசமும் காகிதத் தூசும் இருக்கும். திரி வேலை என்றால் விரல் நுனி கறுத்திருக்கும். அலுமினியப் பொடி காது மடிப்புக்குள் போய் உட்கார்ந்திருந்தால் அவன் மருந்து ரூமில் இருக்கிறான் என்று அர்த்தம். தனியாக, மற்ற ரூம்களுக்குத் தள்ளி, வேப்பமரங்களுக்கு நடுவில் கட்டிவைத்திருப்பார்களே, அந்த ரூம். அங்கே வெடிமருந்து கலக்குகிறவனுக்குக் கூலி கூடுதல். ஏன் கூடுதல் என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது எந்த வேலை பார்க்கிறாய் என்று கேட்டேன். "பாக்கிங்தாம்மா" என்றாய், கண்ணைக் கூடத் திறக்காமல். எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் இருந்த சொம்பை உன் தலையில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. இன்னும் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். நீ சாப்பிட்டுவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு, கம்பெனிக்குப் பக்கத்தில் நீ தங்கியிருக்கிற எம். புதுப்பட்டிக்குப் போய்விட்டாய். நான் அடுப்படியில் உட்கார்ந்து அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பாவிடம் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் மனிதர் தாங்கமாட்டார் என்று நினைத்தேன். விதைப்புக் காலத்தில் அவருக்கு வேறு எதுவும் காதில் ஏறாது என்றும் நினைத்தேன். இரண்டும் தப்பு என்று இப்போது தெரிகிறது.

பொய் சொல்வதில் நீ சின்ன வயதிலிருந்தே சுமார்தான். மூன்றாவது படிக்கும்போது ஒரு புரட்டாசியில் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் காட்டுக்குக் கூட்டிப்போனோம், நினைவிருக்கிறதா? அப்போது மாடு கட்டி உழுத காலம். ஏருக்குப் பின்னாலேயே சாலில் உளுந்து போட்டுக்கொண்டு வரச் சொல்லி ஒரு சின்னப் பெட்டியை உன்னிடம் கொடுத்தோம். எல்லாருக்கும் முன்னால் உன் பெட்டிதான் காலியானது. அப்பா முதுகில் தட்டிக்கொடுத்து ஐஸ் வாங்கித் தந்தார். மழை பெய்து பயிர் முளைத்த பிறகு பார்த்தால், காட்டு மூலையில் ஒரே இடத்தில் குத்தாக அம்புட்டு உளுந்தும் முளைத்து நிற்கிறது. குழியைத் தோண்டிக் கொட்டி மூடியிருக்கிறாய். நான் விளக்குமாற்றைத் தேடினேன். உன் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடிக்கக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டதால் நீ தப்பித்தாய். அன்றைக்கு நாலு போட்டிருந்தால் இன்றைக்கு "பாக்கிங்தாம்மா" என்று சொல்லப் பயந்திருப்பாயோ என்னவோ. இல்லை, இன்னும் திறமையாகச் சொல்லப் பழகியிருப்பாய்.

மருந்து ரூமில்தானே இருக்கிறாய் என்று உன்னிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ ஒத்துக்கொள்வாய், "சீசன் முடியட்டும்மா, தீபாவளிக்கு அப்புறம் பாக்கிங்குக்கே வந்துருதேன்" என்பாய், அதற்கு மேல் நான் என்ன பேச? அதனால் வேறு வழி பார்த்தேன். உன்னை எப்படியாவது நாலு நாள் அந்த ரூமை விட்டு வெளியே கொண்டுவர வேண்டும். கோயில் கொடை என்றால் நீ வரமாட்டாய். உடம்பு சரியில்லை என்றால் வந்து ஒரு ஊசி போட்டுவிட்டுப் போய்விடுவாய். விதைப்பு என்றால் மட்டும் லீவு சொல்லிவிட்டு வருவாய். உன் அப்பா தனியாகக் காட்டில் நிற்பதை உன்னால் பொறுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் விதைப்பை முன்னால் இழுத்தேன்.

நம் கரிசலில் புழுதி விதைப்பு எப்படிப்பட்ட விளையாட்டு என்று உனக்கே தெரியும். முத்துச்செல்வி டவுனில் வளர்ந்தவள், அவளுக்காகச் சொல்கிறேன். மழை பெய்த பிறகு விதைக்கலாம் என்று இருந்தால் கரிசல் களிமண்ணாகிவிடும், டிராக்டரை உள்ளே இறக்க முடியாது. அதனால் காய்ந்த புழுதியிலேயே விதையைப் போட்டு மூடிவிட்டு பெருமழைக்குக் காத்திருக்க வேண்டும். வந்தால் நல்ல மழையாக வந்து, அடுத்தடுத்தும் வர வேண்டும். ரொம்ப முன்னால் விதைத்து நடுவில் ஒரு தூறல் மட்டும் போட்டுவிட்டால் போச்சு. விதை அந்த ஈரத்தை நம்பி முளைத்துவிடும், அப்புறம் வெயிலில் கருகிவிடும். எப்போது விதைப்பது என்பதில்தான் வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரியின் புத்தி முழுவதும் இருக்கிறது. உன் அப்பா அதில் இந்த வட்டாரத்துக்கே பேர்போனவர். அவரிடம் போய் நான் தினமும் நச்சரித்தேன். எல்லாரும் விதைத்துவிட்டார்கள் என்று பொய் சொன்னேன். டிராக்டருக்கு அப்புறம் கிராக்கியாகிவிடும் என்றேன், அது மெய். அவர், "இப்ப வேண்டாம், காத்து இன்னும் மாறல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டிராக்டர்காரத் தம்பிக்குப் போன் போட்டு இன்னும் பத்து நாள் போகட்டும் என்று சொன்னதையும் கேட்டேன். அதற்குள் நான் உன்னை வரச் சொல்லிவிட்டேன். நீ வந்து இறங்கிவிட்டாய்.

அன்றைக்குச் சாயங்காலம் வாசலில் சாக்கை விரித்து உளுந்தைக் கொட்டி, ஆறின கஞ்சியில் உயிர் உரத்தைக் கரைத்து நீதான் பிசறினாய். உன் அப்பா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் விடியும் முன்னே அவரே டிராக்டரைக் கூப்பிட்டு வரச் சொல்லிவிட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த நாட்களைப் போல நான் சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாகிறது. கருக்கலிலேயே எழுந்து சோறு வடித்து, புளிக்குழம்பை வாளியில் ஊற்றி, கருவாட்டைச் சுட்டு எடுத்துக்கொண்டு புறப்படுவோம். அதே நேரத்துக்குக் கம்பெனி வேன் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். ஒரு காலத்தில் நம் காட்டுக்கு விதை போட வந்த பெண்கள் எல்லாரும் தூக்குவாளியோடு அதில் ஏறிப்போவார்கள். "மதினி, மழை பேஞ்சா எங்களுக்கு லீவு, அன்னைக்குக் களை வெட்ட வாரோம்" என்று ஜன்னலில் இருந்து கத்திவிட்டுப் போவார்கள். ஆள் கிடையாது. நாம் மூன்று பேர்தான். டிராக்டர் கீறிக்கொண்டே முன்னால் போக, நீ ஒரு சால், நான் ஒரு சால், அப்பா ஒரு சால். மண்ணெல்லாம் வாய்க்குள் போகும். மயில்கள் வேறு வரிசையாக வந்து பின்னாலேயே பொறுக்கும். நீ கல்லை விட்டெறிந்துகொண்டே விதை போட்டாய். மத்தியானம் வண்டி நிழலில் உட்கார்ந்து மூன்று தட்டு சோறு தின்றாய். உன் முகத்தில் மண் அப்பியிருந்தது. கன்னத்தில், கழுத்தில், காதில் எல்லாம் கறுப்பு மண். அந்த வெள்ளி எங்கேயும் தெரியவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை.

நீ போன பிறகு ஒரு நாள் பின்னேரம் தூறல் போட்டது. கூடவே இடியும் மின்னலும். இடி விழுந்தால் மருந்தைத் தொடக் கூடாது என்று கம்பெனியில் எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள், மறுநாளும் லீவு. நீ வீட்டுக்கு வந்துவிட்டாய். நான் கோழி அடித்தேன். நீ கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டுத் தூங்கினாய். உன் அப்பா காட்டுக்குப் போய்விட்டு வந்து, கால் கழுவாமல் வாசலிலேயே நின்றார். ஈரம் விரல் ஆழம்கூட இறங்கவில்லை என்றார். நான் கறியைக் கிண்டிக்கொண்டே, நாளைக்கு இன்னும் பெய்யும் என்றேன். பெய்யவில்லை. விதை முளைத்தது. காடு முழுக்க இரண்டிரண்டு இலையாக அவ்வளவு அழகாக முளைத்தது. அதற்கப்புறம் அடித்த வெயிலில் எல்லாம் சுருண்டு படுத்துவிட்டது. நான் ஒரு பிடி பிடுங்கிப் பார்த்தேன், வேர் நூலாக இருந்தது. என் பேச்சைக் கேட்டுப் போட்ட விதை. உன் அப்பா என்னை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுபடியும் விதை எடுத்து, முந்தாநாள் இரண்டாவது தடவை விதைத்தோம். உனக்குச் சொல்லவில்லை. ஆர்டர் அதிகம், லோடு ஏற வேண்டும், இப்போது லீவு கேட்டால் போர்மேன் கத்துவார் என்று நீ அதற்கு முந்தின நாள்தான் சொல்லியிருந்தாய். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். பதினோரு மணி வாக்கில் மேற்கே ஒரு சத்தம் கேட்டது. தரை அதிர்ந்தது. இந்தப் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் எல்லாரும் என்ன செய்வார்களோ அதையே நானும் செய்தேன். நிமிர்ந்து புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று பார்த்தேன். புகை தெரியவில்லை. உனக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. கேட்டில் ஒரு மரப்பெட்டிக்குள் உன் போன் அடித்துக்கொண்டிருக்கும் என்று தெரியும். தெரிந்தும் மறுபடி மறுபடி போட்டேன். மடியில் இருந்த உளுந்து எல்லாம் கீழே கொட்டிவிட்டது. உன் அப்பா கையைத் தூக்கி டிராக்டரை நிறுத்தச் சொன்னார். பாதிச் சாலில் டிராக்டரை நிறுத்தி நான் அவரைப் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் என் வாயிலிருந்து வந்துவிட்டது. "அவன் பாக்கிங்ல இல்லீக. மருந்து ரூம்ல இருக்கான்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேற்கேயே பார்த்துக்கொண்டு, "தெரியும்" என்றார்.

அந்தச் சத்தம் கல் குவாரியில் வைத்த வெடி என்று கொஞ்ச நேரத்தில் டிராக்டர்காரத் தம்பி விசாரித்துச் சொன்னான். உன் குரலைக் கேட்டது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான். "என்னம்மா இத்தனை மிஸ்டு கால்" என்று எரிந்து விழுந்தாய். ஒன்றுமில்லை, கை தவறிப் பட்டுவிட்டது என்றேன். நானும் பொய் சொல்வேன். என்னிடமிருந்துதான் உனக்கு வந்திருக்கும்.

உன் அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நீ உளுந்து பிசறியதைப் பார்த்து என்றார். விதை பிசறுகிறவன் இரண்டு கையையும் விட்டு அழுத்திப் புரட்டுவான். நீ விரல் நுனியால் பூப்போல அள்ளி அள்ளிப் போட்டாயாம். ஒரு மணியோடு ஒரு மணி உரசாமல், மூச்சை அடக்கிக்கொண்டு. சாக்கில் கை பட்டதும் சட்டென்று எடுத்துக்கொண்டாயாம். "உளுந்து வெடிச்சிரும்னு பயப்படுறவன் கை அது" என்றார். அதைப் பார்த்த பிறகு அவருக்கு உறக்கம் வரவில்லையாம். காற்று மாறவில்லை என்று தெரிந்தேதான் விடியக்காலையில் டிராக்டரை வரச் சொல்லியிருக்கிறார். "வெதப்பத் தள்ளிவச்சிருந்தா அவன் காலையில வேலைக்குப் போயிருப்பாம்லா" என்றார். நான் மட்டும்தான் அந்த விதையைக் கெடுத்தேன் என்று இத்தனை நாள் வெந்துகொண்டிருந்தேன். அவரும் தெரிந்தே கெடுத்திருக்கிறார். பாதிச் சாலில் நின்றுகொண்டு நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். அந்த டிராக்டர்காரத் தம்பி பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வண்டிக்கு அடியில் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தான்.

புதுசாகக் குடும்பம் நடத்தப் போகிறவன் நீ. உனக்குச் சொல்ல எனக்குப் பெரிய புத்திமதி ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரே வீட்டில் மூன்று பேரும் ஒரே விஷயத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு, மற்ற இரண்டு பேருக்கும் தெரியாது என்று நடித்துக்கொண்டிருந்தோம். அடுத்தவர் தாங்கமாட்டார் என்று நினைத்துத்தான் நடித்தோம். பாசம் என்றுதான் அதற்குப் பேர் வைத்திருந்தோம். அதனால் என்ன ஆனது? ஒரு காடு கருகியது, நீ அந்த ரூமிலேயே இருக்கிறாய். முத்துச்செல்வியிடமும் பாக்கிங் என்றுதான் சொல்லியிருப்பாய். நாளைக்கு உன் சட்டையைத் துவைக்கப் போகிறவள் அவள். வாளித் தண்ணீரில் வெள்ளி மிதந்தால் அவளுக்குத் தெரியாதா? அவளும் என்னைப் போல இன்னும் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டுமா? அப்படி ஒரு பழக்கத்தை இந்த வீட்டிலிருந்து நீ எடுத்துக்கொண்டு போகாதே. பாத்திரம் பண்டம் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

கல்யாணத்துக்கு வேண்டும், வீடு பார்க்க வேண்டும், அதற்காகத்தான் இந்த ஒரு சீசன் என்று நீ சொல்வாய். ஒவ்வொரு வீட்டிலும் இப்படித்தான் ஒரு சீசன் என்று ஆரம்பிக்கிறது. வெடி விபத்து நடந்த அன்றைக்குச் சாத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் பெண்களிடம் கேட்டுப் பார், அவர்களும் இதையேதான் சொல்வார்கள். நீ காட்டுக்கு வந்து எங்களோடு மண்ணைக் கிண்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்த மண்ணில் என்ன மிஞ்சுகிறது என்று எனக்குத் தெரியாதா? பாக்கிங்குக்கே போ. வேன் ஓட்டு. அச்சாபீசில் பேப்பர் தூக்கு. ஊர் சிரிக்கிறபடி கல்யாணத்தைச் சின்னதாகச் செய்தாலும் நான் இருக்கிற பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு முன்னால் நிற்பேன். அந்த ரூம் மட்டும் வேண்டாம்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்ததே. மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். வெம்பக்கோட்டை அணைப் பக்கம் மேகம் கறுத்து ஏறிக்கொண்டிருந்தது. பெருமழைக்கான மேகம் இல்லை, தூறல் மேகம்தான். போன தடவை வந்த அதே மாதிரி. பக்கத்துக் காட்டில் விதைத்தவர்கள் எல்லாரும் வரப்பில் நின்று, போயிரு, போயிரு என்று வானத்தைப் பார்த்து முணங்கிக்கொண்டிருந்தார்கள். நம் விதை மண்ணுக்குள் போய் இரண்டே நாள்தான் ஆகிறது. இந்தத் தூறல் விழுந்தால் இதுவும் முளைத்துக் கருகும். மூன்றாவது தடவை விதைக்க நம்மிடம் விதை இல்லை. உன் அப்பா தூறல் மேகத்தை வாய்க்கு வந்தபடி ஏசுவாரே, நீ சின்னதில் அதைக் கேட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி அடி வாங்கினாயே. இன்றைக்கும் ஏசப்போகிறார் என்றுதான் பார்த்தேன். மனிதர் துண்டைத் தலையிலிருந்து எடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பெய்யட்டும்" என்றார். "எம்புட்டு வேணும்னாலும் பெய்யட்டும். நாளைக்கு ஒரு நாளாவது பய வீட்ல கெடப்பான்."

நான் சோற்றுவாளியைக் கீழே வைத்தேன். ஆவணியிலிருந்து நானும் மனசுக்குள் அதையேதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவர் வாயிலிருந்து அது வந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. உடம்பு முடியாமல் கிடந்தாலும் விதைத்த காட்டுக்கு ஒரு கெட்ட சொல் சொல்லாத மனுஷன். தன் கையால் போட்ட விதை வீணாகட்டும் என்று வரப்பில் நின்று சொல்கிறார். நீ கலக்குகிற மருந்து உன்னை ஒன்றும் செய்யாமல் போகலாம். எங்களை அது என்ன செய்துவிட்டது என்று பார்.

எங்கள் விதை கருகட்டும் என்று நாங்களே வேண்டிக்கொண்டு நிற்கும்படி எங்களை வைத்துவிடாதே. இதைப் படித்த மறுநாள் காலையில் அந்த ரூமுக்குள் போவதற்கு முன்னால் போர்மேனிடம் சொல்லிவிடு. கத்துவார், கத்தட்டும். சொல்லிவிட்டு, கேட்டில் போனை வாங்கி, எனக்குப் போட வேண்டாம், உன் அப்பாவுக்குப் போடு. காட்டில்தான் இருப்பார். நீ வெளியே வந்துவிட்டாய் என்று மட்டும் சொல். தூறல் வேண்டாம் என்று அவர் மறுபடியும் சொல்லட்டும்.

உன் அம்மா